வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு மரவேலை: எதைச் செய்வது, எப்படிச் செய்வது

கேள்வி: "பெங்களூர் அல்சூர், ஜோகுபாளையா பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் இருக்கும் பெரியவர்கள் உள்ள பத்து வீடுகளுக்கு மரத்தில் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்கும். இரண்டு பேருக்கு மட்டும் மரவேலை கொஞ்சம் தெரியும். எதிலிருந்து தொடங்கலாம்?"

மூன்றே பொருள் செய்யுங்கள். வாசலுக்கு அரைப்படி (கூடவே ஒரு கைப்பிடி), நிலைப்படிக்குச் சரிவுப்பலகை, கட்டில் காலுக்கு உயரக்கட்டை. பத்து வீட்டுக்கும் இது போதும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் புதியவர்களுக்குக் கை பழகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பொருள் என்று இறங்கினால் எல்லாமே முதல் முயற்சியாகத்தான் இருக்கும். அந்த முதல் முயற்சியின் மேல் எண்பது வயதுக்காரர் ஒருவர் தன் முழு எடையையும் வைத்து ஏறப்போகிறார்.

குளியலறைக்கு மரத்தில் எதுவும் வேண்டாம். ஸ்டூல் கேட்பார்கள், மனமிரங்கிச் செய்து கொடுத்துவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஊறிய மரம் பாசி பிடித்து வழுக்கும், உள்ளே இணைப்பு இற்றுப்போவது வெளியே தெரியாது. அங்கே ரப்பர் கால் வைத்த பிளாஸ்டிக் அல்லது அலுமினிய நாற்காலியும், சுவரில் போல்ட் போட்ட எஃகுப் பிடியும்தான் சரி. குழுவின் பணத்தில் அதை வாங்கிக் கொடுங்கள், அதுவும் உதவிதான்.

மரம் வாங்கப் போவதற்கு முன்னால் ஆளை அளக்க வேண்டும். வீட்டை அளப்பது பாதி வேலைதான். முதல் தடவை போகும்போது இரண்டு பேர் மட்டும் போங்கள். பாட்டி இருக்கும் வீடென்றால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உட்கார்ந்து பேசி, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, "கட்டில்லேருந்து எழுந்து வாசல் வரைக்கும் எப்படிப் போவீங்கன்னு ஒரு தடவை காட்டுறீங்களா பாட்டி?" என்று கேளுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒண்ணும் வேணாம்பா" என்றுதான் பதில் வரும். நடந்து காட்டும்போது கை எதைத் தேடிப் பிடிக்கிறது, எங்கே தயங்கி நிற்கிறார் என்பதைப் பாருங்கள். கதவுச் சட்டத்தில் ஒரே இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தால் அதுதான் அவர் பிடித்து எழும் இடம். அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்க வேண்டியவை: வீட்டில் போடும் செருப்போடு நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம். குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எவ்வளவு. எந்தக் கை பலம். கைத்தடியா, நான்கு கால் வாக்கரா, சக்கர நாற்காலியா. வாக்கர் என்றால் அதன் நீள அகலம். இடம் வலம் எழுதும்போது "உள்ளேயிருந்து வெளியே வரும்போது" என்று ஒரே விதமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பிடியைத் தப்பான பக்கத்தில் மாட்டிவிட்டு வருவீர்கள். பக்கவாதம், பார்க்கின்சன், இடுப்பு அறுவைச் சிகிச்சை என்றால் அவரைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அளவைக் காட்டிவிட்டுத்தான் மரத்தில் கை வைக்க வேண்டும். சக்கர நாற்காலிப் பொருத்தம் பற்றிச் சந்தேகம் வந்தால் லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கிவரும் ஏபிடி மாற்றுத்திறனாளிகள் சங்கம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கேளுங்கள்.

இனி அரைப்படி. உங்கள் பகுதியின் பழைய வீடுகளில் மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க வாசலைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். சந்திலிருந்து வாசல் 28 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முட்டி வலி உள்ளவருக்கு அது ஏற முடியாத உயரம். நடுவில் 14 செ.மீ. உயரத்தில் ஒரு படி வைத்தால் இரண்டு சம படியாகிவிடும். சமம் என்பது இங்கே முக்கியம். 16-ம் 12-ம் ஆகப் பிரிந்தால், கால் முதல் படியின் உயரத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததில் தடுக்கும். வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சந்து சரிவாக இருந்தால் படி உட்காரப்போகும் இடத்தின் நான்கு மூலையிலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

கைத்தடிக்காரருக்கு 75 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் போதும். வாக்கருக்குப் போதாது. வாக்கரின் நான்கு காலும் ஆளின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் படி மேல் நிற்க வேண்டும். அதற்கு ஆழமும் குறைந்தது 75 செ.மீ. வேண்டும், வாக்கரை அளந்துவிட்டு இன்னும் கூட்ட வேண்டியிருக்கலாம். சந்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அரைப்படி செய்யாதீர்கள். வாக்கரின் பின்கால் படியின் ஓரத்தில் தொங்கினால் ஆள் பின்பக்கமாக விழுவார்.

பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், ஐஎஸ் 710 தரம், அதாவது கடையில் மரைன் பிளை என்று கேட்பது. சாதாரண கமர்ஷியல் பிளை வாசலில் ஒரு மழைக்காலம் தாங்காது, ஓரம் உப்பிப் பிரிந்துவிடும். பிளைத் தாளின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைசூர் ரோடு டிம்பர் யார்ட் லேஅவுட்டில் பிளையும் ரீப்பரும் (ஒல்லியான நீள மரச்சட்டம்) கிடைக்கும். ஸ்க்ரூ, கிளாம்ப், டிரில் பிட் எல்லாம் எஸ்ஜேபி ரோட்டில் வாங்கிவிடலாம். சில்வர் ஓக் மலிவு என்று கடைக்காரர் தள்ளிவிடுவார். உள்ளே வைக்கும் தட்டுக்கு அது சரி, மழையில் நிற்கும் படிக்குச் சரியில்லை.

14 செ.மீ. உயரப் படியின் கணக்கு: மேற்பலகை 18 மி.மீ., அடியில் ஒட்டும் ரப்பர் 5 மி.மீ., ஆக பக்கப்பலகையின் உயரம் 117 மி.மீ. ஒரு படிக்கு மேற்பலகை 75 × 45 செ.மீ. ஒன்று, நீளப்பலகை 75 × 11.7 இரண்டு, குறுக்குப்பலகை 41.4 × 11.7 மூன்று. குறுக்கு இரண்டு ஓரங்களில், மூன்றாவது நடுவில். நடுப்பலகையை விட்டுவிட்டால் மேற்பலகை மிதிக்க மிதிக்கத் தொய்ந்து ஸ்க்ரூ தளரும்.

244 × 122 செ.மீ. தாள் ஒன்றில், ரம்பம் அறுக்கும்போது தூளாகப் போவது வெட்டுக்கு 3 மி.மீ. என்று வைத்தால், 4 மேற்பலகை, 12 குறுக்குப்பலகை, 8 நீளப்பலகை கிடைக்கும். நான்கு படி முழுதாக வரும். எல்லா வீட்டுக்கும் மேற்பலகை அளவு ஒன்றாகவே இருக்கட்டும், பக்கப்பலகையின் உயரம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறட்டும். அப்போதுதான் கடையிலேயே மெஷினில் நறுக்கி வாங்க முடியும். வெட்டுக்குக் கொடுக்கும் கூலியைப் பார்க்காதீர்கள். கையால் அறுத்த பலகை மூலைமட்டத்தில் நிற்காது, கோணலான பெட்டி நான்கு மூலையும் தரையில் படாமல் ஆடும்.

பிளையின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டால் அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து பிளந்துகொண்டு போகும். புதியவர்கள் செய்யும் படி தளர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் உள்மூலை ஒவ்வொன்றிலும் ஒன்றரை அங்குலச் சதுர ரீப்பர் துண்டு ஒன்றை நிறுத்தி, பிளையின் முகத்தின் வழியாக ரீப்பருக்குள் ஸ்க்ரூ இறங்கும்படி செய்யுங்கள். மேற்பலகைக்கும் அப்படியே, சுற்றிலும் உள்பக்கம் ரீப்பர் ஓடட்டும். 8 நம்பர், 50 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போதும். 3 மி.மீ. பிட்டால் முதலில் துளை போட்டுவிட்டு முறுக்குங்கள். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ பாக்கெட் விலை குறைவு என்று வாங்கிவிடுவார்கள். பக்கவாட்டில் பாரம் வரும்போது அதன் தலை முறிந்துவிடும், மழையில் துருவும் பிடிக்கும். பசைக்கு ஃபெவிகால் மரைன். சாதாரண வெள்ளை ஃபெவிகால் தண்ணீர் பட்டால் இளகும். கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுநாள் வரை அசைக்காமல் விடுங்கள்.

தண்ணீரைப் பிளை குடிப்பது ஓரத்தில்தான். 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 120-இல் வழவழப்பாக்கி, பிரைமரை ஓரங்களில் மட்டும் மூன்று கைப்பூச்சு, முகத்தில் இரண்டு கைப்பூச்சு கொடுங்கள். அடிப்பக்கத்தையும் மறக்காமல் பூசுங்கள். மேலே எனாமல். வழுக்காமல் இருக்க, எனாமல் ஈரமாக இருக்கும்போதே சலித்து உலர்த்திய மெல்லிய மணலைச் சீராகத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைத் துடைத்துவிட்டு மேலே இன்னொரு கை. ஒட்டும் வழுக்காப் பட்டையைவிட இது நெடுநாள் நிற்கும். பட்டை மழையில் ஓரம் கிளம்பும், கிளம்பிய ஓரத்தில் செருப்பு மாட்டும். படியின் முன் ஓரத்தில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் கோடு அடியுங்கள். கண்புரை உள்ளவருக்குப் படி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. மேற்பலகை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிய ஓரத்தில் மிதித்தால் முழுப் படியும் கவிழும்.

படியைத் தரையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அடியில் சாக்கடைக் கல் இருக்கும், மாநகராட்சி ஆள் வந்து தூக்கித்தான் ஆக வேண்டும். வாசல் சுவரில் இரண்டு எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புத் துண்டு) வைத்து, போல்ட்டைக் கழற்றினால் படி வெளியே வரும்படி செய்யுங்கள். விடிகாலையில் கோலம் போடும் இடமும் அதுதான் என்பதால் வீட்டுப் பெண்களிடம் இடத்தைக் கேட்டு வைப்பது நல்லது. ஒரு பக்கம் தள்ளி வைத்தால் இருவருக்கும் போதுமா என்று அவர்களே சொல்வார்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி வைத்தால் பிடி வேண்டும். ஆனால் பிடியைப் படியோடு பொருத்தக் கூடாது, பக்கவாட்டில் இழுத்தால் பெட்டியே சாயும். இன்னொரு சிக்கல்: இறங்கும்போது வலப்பக்கம் இருக்கும் பிடி ஏறும்போது இடப்பக்கம் ஆகிவிடும். ஒரு கைதான் வேலை செய்கிறது என்பவருக்கு ஒரு பக்கக் கைப்பிடி பாதி வழிக்குத்தான் உதவும். இதற்குச் சரியான வழி, கதவுச் சட்டத்தில் நிமிர்ந்த பிடி ஒன்று மாட்டுவது. உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் பலமுள்ள கை அதை எட்டுகிறதா என்று அவரையே நிற்க வைத்துப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்யுங்கள். எட்டாவிட்டால் இரண்டு சட்டத்திலும் ஒவ்வொன்று. 35 மி.மீ. விட்டமுள்ள தேக்கு அல்லது வேங்கை உருளை, 40 செ.மீ. நீளம். வேங்கையை இங்கே மரக்கடையில் ஹொன்னே என்பார்கள். நடுப்பகுதி மணிக்கட்டு உயரத்துக்குச் சற்று மேலே வரட்டும். இரண்டு முனையிலும் கட்டை வைத்து, உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே 45 மி.மீ. இடைவெளி விடுங்கள். குறைந்தால் விரல் முட்டி உரசும். அதிகமானால் கை தவறும்போது முன்கை உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும். முனைக்கு இரண்டு 75 மி.மீ. ஸ்க்ரூ. சட்டத்தில் முதலில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் கரையான் தின்றிருக்கிறது, அங்கே மாட்டாதீர்கள். சுவரில் மாட்டுவதென்றால் தட்டிப் பார்த்து, பூச்சு வெறும் சத்தம் கொடுத்தால் விட்டுவிடுங்கள். மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரில் ராவல் போல்ட் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) கையோடு வந்துவிடும்.

சரிவுப்பலகை எளிது, கணக்கில் மட்டும் ஏமாறக் கூடாது. 1-க்கு 12 என்பதுதான் விதி: 5 செ.மீ. நிலைப்படிக்கு 60 செ.மீ. நீளம். 9 செ.மீ. என்றால் 108 செ.மீ. இதை நினைவில் வைத்தால், 28 செ.மீ. வாசலுக்கு மரச் சரிவு கேட்கும்போது 3 மீட்டர் 36 செ.மீ. வேண்டும், சந்து அதற்கு இடம் தராது என்று உடனே சொல்லிவிடலாம். "கொஞ்சம் செங்குத்தா போட்டுக்கலாம்" என்று வீட்டார் சொல்வார்கள். ஏற்றும்போது தள்ளுபவர் மூச்சுவாங்குவார், இறக்கும்போது நாற்காலி அவர் பிடியை மீறி ஓடும். மறுத்துவிடுங்கள்.

5 செ.மீ.க்குச் செய்முறை: மேலே 12 மி.மீ. பிளை, அடியில் 15 செ.மீ.க்கு ஒன்றாக முக்கோண விலாப்பலகை, உயரமான முனையில் 35 மி.மீ., கீழே 3 மி.மீ. ரப்பர் ஷீட். தாழ்ந்த முனையில் பிளையின் ஓரத்தை இழைப்புளியால் சரித்து 3 மி.மீ. வரை மெல்லியதாக்கி அலுமினியப் பட்டை அடியுங்கள். அந்த 12 மி.மீ. தடிப்பை அப்படியே விட்டால் சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். கதவு உள்பக்கம் திறக்கும் வீட்டில் உள்சரிவு கதவைத் தடுக்கும். அங்கே கையில் தூக்கி எடுக்கும்படி, ஓரத்தில் விரல் நுழையும் துளையோடு செய்யுங்கள்.

நிலைப்படியை அறுத்துவிட்டால் வேலை சுலபம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். மஞ்சள் குங்குமம் வைக்கும் வாசற்படியில் ரம்பம் வைக்கப் பெரும்பாலான வீடுகளில் மனசு வராது. கேட்டுப் பார்ப்பதுகூட அவர்களைச் சங்கடப்படுத்தும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சரிவை வைத்தால் நடுவில் நிலைப்படி தெரிந்தபடியே இருக்கும்.

கட்டில் கட்டைக்கு வருவோம். முழங்கால் மடிப்பு உயரத்தைவிட மெத்தை, அதுவும் ஆள் உட்கார்ந்து அமுங்கிய பிறகு, இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்திருந்தால் எழுவது எளிது. அதற்கு மேல் உயர்த்தினால் குட்டையான பாட்டிக்குப் பாதம் தரையில் பதியாது, நழுவுவார். 12 செ.மீ. சதுரத்தில் 18 மி.மீ. பிளைத் துண்டுகள் ஐந்தை அடுக்கி ஒட்டுங்கள். கீழ் மூன்றும் முழுத் துண்டு, மேல் இரண்டிலும் நடுவில் கட்டில் காலைவிட 4 மி.மீ. பெரிய ஓட்டை. கட்டில் 5.4 செ.மீ. உயரும், கால் 3.6 செ.மீ. ஆழக் குழியில் உட்காரும். அந்தக் குழிதான் உயிர். குழியில்லாத கட்டையும் செங்கல்லும், ஆள் பக்கவாட்டில் தள்ளி எழும்போது காலை விட்டு நழுவும். நான்கு கட்டையும் ஒரே நாளில், ஒரே தாளிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும். பிளையின் தடிப்பு தாளுக்குத் தாள் சற்று மாறும்.

நேரம் மிச்சமிருந்தால் படுக்கைத் தட்டு ஒன்று செய்யலாம்: 60 × 35 செ.மீ., 12 மி.மீ. பலகை, 25 செ.மீ. உயரக் கால், மூன்று பக்கம் 15 மி.மீ. விளிம்பு, ஆளின் பக்கம் விளிம்பில்லாமல்.

வேலைப் பங்கீடு. மரவேலை தெரிந்த இருவர் அளவு சரிபார்ப்பதும் துளை குறிப்பதும் மட்டும் செய்யட்டும். அவர்கள் கையில் டிரில்லைக் கொடுத்தால் மற்ற பன்னிரண்டு பேரும் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு உப்புத்தாள், பெயின்ட், பசை, மேற்பார்வையில் டிரில். வட்டரம்பம் கிடையாது. ஆங்கிள் கிரைண்டரில் மரம் வெட்டும் பிளேடு போட்டு அறுப்பதை ஊரெல்லாம் பார்த்திருப்பீர்கள். அது மரத்தில் சிக்கினால் மெஷின் கையை உதறிக்கொண்டு உடம்பை நோக்கித் திரும்பும். உங்கள் கொட்டகைக்குள் அது வரவே கூடாது. சுழலும் மெஷின் பக்கத்தில் கையுறை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் என்95 முகமூடியும் எல்லோருக்கும். முறையாகக் கற்க விருப்பம் உள்ளவர்கள் மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

பெயின்ட் அடித்த பொருளை ஒரு வாரமாவது காற்றாட வைத்த பிறகே கொடுங்கள். நாள் முழுக்க ஒரே அறையில் இருப்பவருக்கு அந்த நெடி மூச்சை முட்டும். கொண்டுபோகும் முன்னால் குழுவில் கனமான இருவர் ஒன்றாகப் படி மேல் ஏறி, ஓரத்திலும் மூலையிலும் மிதித்துப் பாருங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் திருப்பிப் போட்டுப் பிரித்துவிடுங்கள். வீட்டில் வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெரியவரைக் குறைந்தது மூன்று தடவை ஏறி இறங்க வையுங்கள், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்றபடி. அவர் தயங்கினால் பொருளை அங்கே விட்டு வராதீர்கள். ஏறும் ஆளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். படியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி போகும் தேதியை அன்றைக்கே எழுதிவிடுங்கள்: ஒரு மாதத்தில் ஒரு தடவை, பிறகு மழை வலுக்கும் செப்டம்பருக்கு முன்னால் ஒரு தடவை, அக்டோபர் கழிந்து ஒரு தடவை. ஸ்க்ரூவை இறுக்குவது, ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுவது, ஓரத்தில் பெயின்ட் விட்டிருந்தால் பூசுவது, இவ்வளவுதான் வேலை. ஆளையும் பாருங்கள். போன மாதம் கைத்தடியோடு நடந்தவர் இப்போது வாக்கருக்கு மாறியிருந்தால் 45 செ.மீ. படி அவருக்கு ஆபத்து, அன்றே கழற்றி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளின் அடியிலும் எண்ணும் செய்த தேதியும் குழுவின் தொலைபேசி எண்ணும் எழுதி மேலே வார்னிஷ் அடித்து வையுங்கள். வீடு மாறினாலும், இனி தேவையில்லை என்றானாலும் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டாருக்குத் தெரியும். திரும்பி வரும் படிக்குப் பக்கப்பலகையை மட்டும் மாற்றினால் அடுத்த வீட்டுக்கு ஆகும்.